பிபியானா துணை

என் மகளுக்கு மதுரையிலேயே யாருக்கும் இல்லாத ஒரு பேரை வைப்பது என்று நான் முடிவு செய்தபோது அவள் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வலது கையை உயர்த்தி, சத்தமாகவே சபதம் போட்டேன். பக்கத்தில் நின்றவர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் நான் முடிவு செய்வது அபூர்வம். செய்த முடிவு நடப்பது அதைவிட அபூர்வம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம் நியாயம் இருந்தது. என் பேர் இன்னாசிமுத்து.

சமயநல்லூருக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். கோயிலில் இருப்பவர் புனித இன்னாசியார். அவர் மேல் வைத்த பக்தியில் எங்கள் ஊர்க்காரர்கள் பிள்ளைக்குப் பேர் யோசிக்கும் வேலையையே விட்டுவிட்டார்கள். ஆண் பிறந்தால் இன்னாசிமுத்து. இன்னொன்று பிறந்தால் இன்னாசிராஜ். பெண் என்றால் இன்னாசியம்மாள். அடையாளம் தெரிவதற்காக முன்னால் எதையாவது ஒட்டிக்கொள்வார்கள். மொட்டை இன்னாசி, கிணத்தடி இன்னாசி, டிராக்டர் இன்னாசி. எனக்கு மொட்டையும் இல்லை, கிணறும் இல்லை, டிராக்டரும் இல்லை. அதனால் என்னை 'இன்னொரு இன்னாசி' என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயில்களில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் ஞாயிறு பூசையில் அறிவிப்பார். "இன்னாசிராஜ் மகன் இன்னாசிமுத்துவுக்கும் மதுரை ஜெஸிக்கும்" என்று அவர் வாசித்து முடிப்பதற்குள் டிராக்டர் இன்னாசியின் அம்மா எழுந்துவிட்டார். நேராக ஆண்கள் பக்கம் போய்த் தன் மகன் முதுகில் ஓங்கி ஒரு அறை.

"எனக்குத் தெரியாம எவடா அந்த ஜெஸி?"

அவன் அழுதுகொண்டே என்னைக் காட்டினான். அவன் அப்பா பேரும் இன்னாசிராஜ்தான், அவன் என்ன செய்வான்?

அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதன் பேரைக் கூப்பிடும்போது அது மட்டும்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறு ஒரு தலைகூட அசையக் கூடாது. எனக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசைகள் கிடையாது. இருந்தவற்றை ஜெஸி ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டாள்.

ஜெஸி கணக்கு டீச்சர். நான் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். ஆரப்பாளையத்தில் வாடகை வீடு. பிரசவத்துக்காக ஜெஸியின் அம்மா எங்கள் வீட்டில் வந்து இருந்தார். பேர் சகாயமேரி. இந்தப் பேரை நான் எழுதத்தான் செய்வேன், வாயால் சொன்னதில்லை. மருமகன் மாமியார் பேரைச் சொல்லக் கூடாது என்பது அத்தையின் சட்டம். பேங்கில் ஒரு தடவை "உங்க மாமியார் பேரு என்ன சார்?" என்று கேட்டார்கள். நான் ஜெஸிக்கு போன் போட்டு அவர்களிடம் கொடுத்தேன்.

பேர் தேடும் வேலையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொடங்கினேன். குழந்தைப் பேர்களுக்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. பொருள், பிறப்பிடம், எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் போட்டிருப்பார்கள். ஒரு மத்தியானம், ஃபீஸ் கட்ட வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, கண்டுபிடித்தேன். பிபியானா. பழைய ரோமாபுரியின் வேதசாட்சி. பொருள்: உயிரோட்டம் உள்ளவள். எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மிக மிக அரிது என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஃபீஸ் கட்ட வந்தவர், தன் ஃபீஸ் தொகையைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பறந்து போனேன்.

"ஜெஸி, பேரு கிடைச்சிருச்சு. பிபியானா!"

"பி.பி.யா? யாருக்கு?"

"பிபியானா. பிள்ளைக்கு."

"பி.பி.யும் இருக்கு, யானையும் இருக்கு. பிள்ளை இதுல எங்க இருக்கு?"

"அர்த்தத்தைக் கேளு. உயிரோட்டம் உள்ளவ."

"உயிரோட்டம் இல்லாமயா விடிய விடிய இந்தக் கத்து கத்துது?"

"ரோமாபுரிப் பேரு புள்ள!"

"ரோமாபுரியில நமக்கு யாரு இருக்கா? வெந்நி வச்சுப் பிள்ளையக் குளிப்பாட்டுறது எங்கம்மா. எங்கம்மா பேரை வைப்போம்."

"உங்கம்மா பேரா? வேற வினையே வேணாம். அந்தப் பேரைக் கோயில்ல கூப்பிட்டா பாதிப் பெஞ்சு எந்திரிச்சு நிக்கும்!"

அடுக்களையில் பூண்டு நசுக்கும் சத்தம் நின்றது. நான் குரலை இறக்கினேன். சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிடப் பலமாக.

ஜெஸி கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்கு டீச்சர் யோசித்தால் கரும்பலகையில் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம். எனக்கு அது தோன்றவில்லை.

"சரிங்க. உங்களுக்கு யாருக்கும் இல்லாத பேருதான வேணும்? ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நாம போய் நிக்கிற வரைக்கும் நம்ம கோயில் பங்குல வேற எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பேரு இல்லைன்னா, பிபியானாவே வைங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். ஒரே ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் எங்கம்மா பேரு. சம்மதமா?"

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்திலேயே கோடு படுத்துக் கிடக்கும் பேர், ஆரப்பாளையத்தில் மட்டும் எந்திரிக்கவா போகிறது?

"சம்மதம்! உங்கம்மா சாட்சி!"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் மாப்ள" என்றார் அத்தை, உள்ளேயிருந்து.

அந்த வாரமே தண்ணீர் ஊற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த விரத நாட்களில் ஞானஸ்நானம் வேண்டாம், ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அதனால் என்ன? பேரை நான் மூச்சு விட மாட்டேன், அவ்வளவுதானே என்று இருந்தேன்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு காலை. ஜெஸி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க."

எனக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்தது. "தலைவலிக்குன்னே ஒரு புனிதை இருக்காங்க, தெரியுமா?"

"யாருங்க அது?"

"சாட்சாத் பிபியானாதான்! தலைவலிக்கு அவங்கதான் பாதுகாவலி. குடிச்ச மறுநாள் மண்டையப் பிளக்குமே, அதுக்கும் அவங்கதான்."

முழங்கால் போட்டு ஜெபத்தை நானே சத்தமாகச் சொன்னேன். ஆமென் சொல்லி முடிக்கவும் ஜெஸி துண்டை அவிழ்த்தாள்.

"என்னங்க, போயிருச்சு!"

எனக்கே புல்லரித்துவிட்டது.

"இன்னைக்கு அன்பியம் நம்ம வீட்டுலதான. இதைச் சாட்சியாச் சொல்லணும்ங்க" என்றாள்.

அன்பியம் என்பது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். யாருக்காவது வேண்டுதல் பலித்திருந்தால் எழுந்து சாட்சி சொல்வார்கள். பிறகு சுண்டல்.

"ஐயோ, பேரு வெளிய தெரிஞ்சிருமே!"

"பிள்ளை பேருன்னு யாரு சொல்லப் போறா? புனிதை பேருதான? வாங்குன வரத்துக்கு நன்றி சொல்லாம இருக்கலாமா? அதுவும் உங்கள மாதிரி விவரம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் எடுபடும்."

விவரம் தெரிஞ்சவங்க என்று ஜெஸி என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன புனிதனா?

அன்று மாலை சுண்டல் ஆறும்வரை பேசினேன். ரோமாபுரி, வேதசாட்சி, பொருள், பிறப்பிடம், ஒன்றையும் விடவில்லை. தலைவலி வரை பெண்கள் கொட்டாவி விட்டார்கள். குடி என்று சொன்னதும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு லூர்துசெல்வி கையைத் தூக்கினாள். நிறைமாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் கிளமெண்ட் ஆட்டோ ஓட்டுகிறவன். பகலில் ஆட்டோவை அவன் ஓட்டுவான், ராத்திரி ஆட்டோ அவனைக் கொண்டுவந்து சேர்க்கும்.

"அண்ணே, மறுநாள் மண்டையிடிக்கு மட்டும்தானா? முத நா குடிக்கும் கேக்குமா?"

"வாலுக்கே கேக்கும்னா தலைக்குக் கேக்காதாம்மா?" என்றேன் நான், விவரம் தெரிஞ்சவன்.

மூன்றாம் நாள் கிளமெண்ட் குடியை நிறுத்தினான்.

தவக்காலம் வந்தால் அவன் நிறுத்துவது தெருவுக்கே தெரியும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஈஸ்டர் மத்தியானம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். லூர்துசெல்வியிடம் இதைச் சொன்னேன்.

"இல்லண்ணே! வருசா வருசம் தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் அன்னைக்குக்கூட ஊத்திட்டு வந்துதான் நெத்தியில சாம்பல் வாங்குவாரு. இந்த வருசம் செவ்வாக்கெழமையே நிறுத்திட்டாரு! பிபியானம்மா புதுமைண்ணே!"

ஒரு நாள் முன்னால் நிறுத்தியதெல்லாம் புதுமையா? ஆனால் தொடங்கி வைத்தது நான். என்னவென்று மறுப்பது?

அந்த வாரமே கிளமெண்ட் ஆட்டோவின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'பிபியானா துணை' என்று எழுதிவிட்டான். ஜெஸியிடம் ஓடினேன்.

"ஆட்டோ கணக்குல வராதுங்க. பிள்ளைதான் கணக்கு" என்றாள். அவ்வளவு நேர்மையான பெண்.

பத்துப் பதினைந்து நாளில் லூர்துசெல்விக்குப் பெண் பிறந்தது. பார்த்துவிட்டு வந்த ஜெஸியின் முகம் வாடியிருந்தது.

"பாவம்ங்க நீங்க. லூர்து நேர்ச்சை வச்சிருக்காளாம். ஈஸ்டர் வரைக்கும் கிளமெண்ட் சொட்டுக்கூடத் தொடலைன்னா பிள்ளைக்குப் பிபியானான்னு பேராம்."

"தொட்டுட்டா?"

"தொட்டுட்டா நேர்ச்சையே போச்சு. வேற பேருதான். அதுக்காக நீங்க போய் ஏதாச்சும் செஞ்சு வச்சிராதீங்க."

அதுவரை எனக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. ஜெஸி வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வந்தது.

நான் குடிக்கிறவன் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக் கிளார்க். அதுவும் தவக்காலம். மதுரைக்குள் எந்தக் கடையில் நின்றாலும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பஸ் ஏறி சமயநல்லூர்ப் பக்கம் போனேன். தலையில் தொப்பி, மூக்குக்குக் கீழே கர்ச்சீப். கடை வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து யாரோ, "டேய் இன்னாசி!" என்று கத்தினார்கள். வரிசையில் பாதி திரும்பியது. பழக்கதோஷம், நானும் திரும்பினேன். எதிரே டிராக்டர் இன்னாசி.

"அடே, இன்னொரு இன்னாசி! தவக்காலத்துல நீயாடா?"

"மருந்துக்குடா" என்றேன்.

"எல்லாரும் அதுக்குத்தாண்டா வந்திருக்கோம்."

அந்த அவமானத்தையும் மென்று விழுங்கிக்கொண்டு, பாட்டிலை டிபன் பைக்குள் வைத்து, மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். கிளமெண்ட் தனியாக உட்கார்ந்து வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன கிளமெண்ட், ஆளே இளைச்சிட்டியே."

"விரதம்ண்ணே."

"அப்பன் ஆயிட்ட. உடம்பு அசதியா இருக்கும். அண்ணன் ஒரு டானிக் கொண்டாந்திருக்கேன்."

பையைத் திறந்து பார்த்தான். கண்ணை மூடினான். சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அந்த ஆறடி மனுஷன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

"அண்ணே, இந்த மாதிரி ஒரு சோதனை வரும்னு லூர்து அப்பவே சொல்லுச்சுண்ணே. பிசாசு நமக்குத் தெரிஞ்ச ஆளு ரூபத்துலதான் வருமாம். நீங்களா வருவீகன்னு நான் நினைக்கலண்ணே!"

"லூர்துக்கு யாருப்பா இதெல்லாம் சொன்னது?"

"ஜெஸி அக்காதான்."

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, பையை ஒரு மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அத்தை மூக்கை மட்டும் இரண்டு தடவை உறிஞ்சினார்.

அடுத்த அன்பியத்தில் கிளமெண்ட்டே சாட்சி சொன்னான். பேர் சொல்லவில்லை. "தெரிஞ்ச ஒரு அண்ணன் ரூபத்துல" என்றுதான் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் குடியை நிறுத்தியது முதல் புதுமை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது அதைவிடப் பெரிய புதுமை. கூட்டம் கலைவதற்குள் அன்பியத் தலைவியின் மருமகளும் மாவு மில்காரர் மகளும் தங்கள் கைப்பிள்ளைகளுக்கும் அதே பேர் என்று நேர்ச்சை வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டிலும் குடிக்கிற ஆளே கிடையாது. இனிமேல் யாராவது தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வைத்தார்களாம்.

மனசு தாங்காமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டு, பாட்டில் விஷயத்தை ஃபாதரிடம் ஒப்புக்கொண்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"ஈஸ்டர் வரைக்கும் தினம் பிபியானாவை வேண்டிக்கப்பா. உங்க தெருவுல நல்லா கேக்குறாங்களாமே."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வந்தது. தொட்டியைச் சுற்றி நான்கு குடும்பங்கள். நாங்கள் கடைசி. நேர்ச்சைதானே, யாராவது ஒருவர் மனசு மாறிவிட மாட்டார்களா, அவர்களைப் பார்த்து மற்றவர்களும் மாறிவிட மாட்டார்களா என்று எனக்கு இன்னும் ஒரு நப்பாசை.

"பிள்ளைக்கு என்ன பேரு?" என்றார் ஃபாதர்.

"பிபியானா!" என்றான் கிளமெண்ட், தெளிந்த குரலில்.

"பிள்ளைக்கு என்ன பேரு?"

"பிபியானா."

"அடுத்து?"

"பிபியானாதான் ஃபாதர்."

ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்களுக்கும் அதானா இன்னாசி?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அப்ப என்ன பேரு?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் அத்தை நிற்கிறார். மருமகன் எப்படிச் சொல்வான்? மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தேன். கோயில் முழுக்க என் வாயையே பார்த்தது.

"பெத்த பிள்ளை பேரு மறந்துபோச்சா?" என்றார் ஃபாதர்.

"சகாயமேரி" என்றாள் ஜெஸி.

ஃபாதர் முகம் மலர்ந்தது. "அடடே! இந்தப் பேருக்குத் தண்ணி ஊத்தி எம்புட்டுக் காலம் ஆச்சு! இப்பல்லாம் யாரு வைக்கிறா? ரொம்ப அபூர்வமான பேரு. யாரு யோசனை?"

நான் சுற்றிப் பார்த்தேன். இந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பெஞ்சு எந்திரிக்கும் என்று நான் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் எந்திரித்தவர்கள் எல்லோரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எந்திரிக்கிற வயசு.

"இவருதான் ஃபாதர்" என்றாள் ஜெஸி. "யாருக்கும் இல்லாத பேராத்தான் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக என்னைப் பிரியமாகப் பார்த்தார். எனக்கும் கண் கலங்கியது. காரணம் வேறு.

கிளமெண்ட் ஆட்டோவில்தான் வீட்டுக்குத் திரும்பினோம். போகிற வழியில் கேட்டேன்.

"ஜெஸி, உண்மையச் சொல்லு. அன்னைக்கு உனக்கு நெசமாவே தலைவலியா?"

"பின்னே? நீங்க ஒரு வாரமா பிபியானா பிபியானான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல. அந்தத் தலைவலிதான்."

"இப்ப?"

"இப்பச் சுத்தமா இல்லைங்க."

இப்போது வீட்டில் எல்லோரும் என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஃபாதர் கூப்பிடுகிறார், பால்காரர் கூப்பிடுகிறார், கிளமெண்ட் கூப்பிடுகிறான். அத்தை ஊருக்குப் போகிற பேச்சே இல்லை, பேத்திக்குத் தன் பேராச்சே! ஆகவே நான் மட்டும் 'பாப்பா' என்றும் 'இந்தாம்மா' என்றும் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் ஆற்றாமை தாங்காமல் வாசலில் நின்று, "பிபியானா!" என்று ஒரு தடவை ஆசை தீரக் கூப்பிட்டுப் பார்த்தேன். தெருவில் இடுப்பில் இருந்த பிள்ளை எல்லாம் திரும்பியது, என் பிள்ளையைத் தவிர.